வீட்டுக்கு ஒரு குடம்

"பழையபடி" என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போதும், கையிலிருக்கும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பழையபடின்னா எப்படி?" என்று கேட்பார். பதில் வரும்வரை விடமாட்டார். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எங்கள் தெருவில் சமாதானம் ஆகாமல் கிடந்த சண்டைகள் உண்டு. எனக்குத் தெரிந்து இரண்டு.

எல்லோரும் அவரை ஆப்பா என்றே கூப்பிடுவார்கள். உருதுவில் அக்கா என்று பொருள். அவரைவிட ஒன்பது வயது மூத்தவனான எனக்கும் அவர் ஆப்பாதான். அவர் என்னை சார் என்பார். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில், காலையில் கேட்டுக்குள் நுழைகிற தலைகளை எண்ணியே வேலைக்காலத்தை முடித்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற புத்தி போகவில்லை. எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், உருது பேசும் முஸ்லிம்கள், எல்லாம் கலந்து. தெரு நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம், வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான்.

ஆப்பா வீட்டு முன்னறையில் எப்போதும் ஏழெட்டுப் பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனிகள் கைத்தையலுக்காக வெளியே கொடுக்கும் வேலை அது. மூட்டையாக வாங்கி வந்து, பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்து, முடிந்ததைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவது ஆப்பாவின் பிழைப்பு. ஒல்லியான உடம்பு, பெரிய குரல். கழுத்தில் ஒரு கயிறு, அதில் சின்னக் கத்தரிக்கோல். கோபம் வந்தால் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டே பேசுவார். எதிரில் நிற்பவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி வாதம் அதிலேயே தோற்றுவிடும்.

ஒரு தையல் கோணினால் நூலை இறுக்கி இழுத்துச் சரிக்கட்ட விடமாட்டார். "கோணல் இங்க தெரியுது. ஆனா கோணினது இங்க இல்ல. பின்னாடி போ. இன்னும் பின்னாடி போ" என்று பிரிக்க வைப்பார். ஐந்தாறு துளை பின்னால் போனால் எங்கோ ஒரு துளை தப்பியிருக்கும். "சரியான பேஜாரு" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் கேட்காத மாதிரி இருப்பார்.

மனிதர்களிடமும் அதே வழக்கம்தான். ஒருமுறை எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த இரண்டு குடும்பங்களுக்குள் துணி காயப்போடுவதில் தகராறு. ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை. நான் போய்ப் பேசி, கெஞ்சி, ஒருவழியாக இரண்டு பெண்களையும் ஆப்பா வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தேன். "சரி, போவட்டும், பழையபடி இருந்துக்கறோம்" என்றாள் ஒருத்தி. எனக்கு மூச்சு வந்தது. ஆப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பழையபடி யார் துணி வெயில்ல காஞ்சுது? யார் துணி நெழல்ல காஞ்சுது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் மறுபடி கிளம்பிவிட்டது.

"அணைஞ்சதை ஊதி விட்டுட்டீங்களே ஆப்பா!" என்றேன்.

"எங்க சார் அணைஞ்சுது? சாம்பல் மூடிக்கினு இருந்துச்சு. நீங்க சாம்பலைப் பார்த்துட்டு வெபூதின்னு நெத்தியில இட்டுக்கினீங்க."

அன்று சாயங்காலம் அந்தப் பெண்கள் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து வேறு ஆணியில் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த மாடியிலிருந்து சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு இந்தக் குணத்தால் லாபம் ஒன்றும் இல்லை. நஷ்டம் ஒன்று உண்டு, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ரம்ஜான் பண்டிகை நாளில் அவருடைய தம்பி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்திருந்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் நெடுநாள் பேச்சில்லை. அம்மா இருந்த அறையைத் தம்பி பூட்டிவிட்டார். கணவனை இழந்த இன்னொரு சகோதரி அந்த அறை கிடைக்காமல் வாடகை வீட்டில் இருந்தாள். காரணம் இதுதான். நானும் வாழ்த்துச் சொல்லப் போயிருந்தேன்.

"சாவி கொண்டாந்தியா?" என்றார் ஆப்பா.

"பண்டிகை நாள்ல இதெல்லாம் எதுக்கு ஆப்பா? நடந்தது நடந்துபோச்சு."

"நடந்தது போவலையே. பூட்டு இன்னும் தொங்குதே."

தம்பி டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆப்பா அதைத் திறக்கவில்லை. தையல் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நாள் அவர் கத்தரிக்கோலை மாட்டிக்கொள்ளவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை பிடிவாதம் ஒரு பெண்ணுக்கு ஆகுமா என்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் புலம்பினேன். "அந்தப் பூட்டைப் போட்டது பொம்பளையா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் நிலத்தடித் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இறங்கி இறங்கி, போர் போட்டால் உப்புத்தான் வரும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. அதனால் நகராட்சி விடுகிற நல்ல தண்ணீர்தான் உயிர். தெரு முனையில் கறுப்புத் தொட்டி, அதில் நான்கு குழாய். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டி நிறையும். அன்று விடியும்போது குடங்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக் குடத்துக்கும் ஒரு பெயிண்ட் அடையாளம். குடம் வரிசையில் இருந்தால் ஆள் நிற்பதாகவே அர்த்தம். வீட்டுக்காரி உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தாலும் அவள் இடம் அவளுக்கு. குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நான் அறிந்து எங்கள் தெருவில் மீறப்படாத சட்டம் அது ஒன்றுதான்.

தெருவுக்குப் பின்னால் மூடிப்போன ஒரு டேனரி. அதன் ஷெட்டில் ஒரு கான்ட்ராக்டர் வடக்கேயிருந்து வந்த தொழிலாளர்களைக் குடிவைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு, செய்ய மாட்டேன் என்று விட்ட வேலைகளைச் செய்ய வந்தவர்கள். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்குவது, டிரம்முக்குள் இறங்கிக் கழுவுவது, இப்படி. ஷெட்டில் ஒரு போர் இருந்தது. தண்ணீரா அது? தண்ணீர் லாரி அனுப்புகிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். லாரி இரண்டு முறை வந்தது. பிறகு வரவில்லை.

அவர்களில் பிர்ஜு என்றொருவன். இருபத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் எங்கள் குடங்களுக்குப் பின்னால் ஒரு நீலக் கேனைக் கொண்டுவந்து வைத்தான். டேனரிக்கு ஆசிட் வருகிற கேன். கழுவித்தான் வைத்திருந்தான், ஆனாலும் பாதி கிழிந்த லேபிள் அப்படியே இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் டேனரியில் வேலை பார்த்தவர்கள். அந்தக் கேனில் என்ன வரும், அது கையில் பட்டால் தோல் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். லோடு ஆட்டோ ஓட்டும் குமரேசன் கேனைக் காலால் எத்தி வரிசைக்கு வெளியே தள்ளினான். "குடம் வெச்சா வரிசை. கேனு வெச்சா இன்னா வரிசை?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பின் ஒருநாள், தெருவே தண்ணீர் பிடித்துப் போன பிறகு, பிர்ஜு தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து, கேனைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். அடியில் தங்கியதை மொள்ளத்தான். குமரேசன் பார்த்துவிட்டான். தெருவின் வாட்ஸப் குழுவில் "தொட்டியில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள்" என்று செய்தி வந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் பிர்ஜுவின் வலது கை முறிந்திருந்தது. ஷெட்டிலிருந்து கல் வந்தது. மளிகைக்கடை ரஃபீக் பாயின் கண்ணாடி அலமாரி உடைந்தது. போலீஸ் ஜீப் வந்தது.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது ஆசிட் பயத்தில் யாரும் தொட்டும் பார்க்கவில்லை. நிறைந்த தொட்டியைத் திறந்து விட்டார்கள். அவ்வளவு நல்ல தண்ணீரும் சாக்கடையில் ஓடியது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தோம். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயில், மசூதி, சர்ச் எதற்காகவும் ஒன்றுசேராத எங்கள் தெரு அந்த வாரம் ஒரே குரலில் பேசியது. "இந்திக்காரங்க காலி பண்ணணும்." ரஃபீக் பாயும் குமரேசனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொன்னார்கள். அதற்கு முன் அந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சமாதானக் கூட்டம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர், தெருக்காரர்கள், ஷெட்டுக்காரர்கள். ஷெட்டுக்காரர்களுக்குத் தமிழ் வராது. உருது தெரிந்தவர் வேண்டுமென்று ஆப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பேசும் உருது அவர்களுக்குப் புரியும். நாற்காலிகளை எண்ணினேன், முப்பது. உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது பேரும் எங்கள் ஆட்கள். ஷெட்டுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். பிர்ஜு கட்டுப்போட்ட கையோடு நின்றான். அவன் மனைவி முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்த ஆப்பா, ஒரு நாற்காலி காலியாகி நீட்டப்பட்டதும், அதைத் தூக்கிக்கொண்டுபோய் பிர்ஜுவுக்குப் போட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார். தரையில் ஒரு பெண் உட்கார்ந்தால் நாற்காலியில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? நெளிந்து நெளிந்து, ஒவ்வொருவராக எழுந்து கடைசியில் எல்லோரும் தரைக்கு வந்தோம். எனக்கு முழங்கால் மடங்காது. வைதுகொண்டே உட்கார்ந்தேன்.

ஒப்பந்தம் முன்பே பேசி முடித்ததுதான். இரு தரப்பும் புகாரை வாபஸ் வாங்குவது. ஷெட்டுக்காரர்கள் தொட்டிப் பக்கம் வருவதில்லை. "எல்லாம் பழையபடி நடக்கட்டும்" என்று இன்ஸ்பெக்டர் முடித்தார். டீ வந்தது. "அம்மா, இதை அவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார்.

ஆப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சொல்றேன் சார். பழையபடின்னா எந்தத் தண்ணி குடிக்கறதுன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னா சொல்றது?"

"அது கான்ட்ராக்டர் பாத்துப்பாரு."

"பழையபடியும் அவருதான் பாத்துக்கினு இருந்தாரு."

கான்ட்ராக்டர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். "நீ யார் பக்கம் ஆப்பா?" என்று குமரேசன் கத்தினான். "ஆசிட் கேனை உள்ள விட்டவன் அவன்!"

"இருடா, அவனையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆப்பா பிர்ஜு பக்கம் திரும்பினார். அந்த உருதுவில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆட்டுத்தோலிலிருந்து மயிரை உரிக்கிற இடத்துப் பொருளை, பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்குள் விட்டாயே, உன் வீட்டுப் பானைக்குள் விடுவாயா என்று கேட்டார். கத்தரிக்கோல் திறந்து மூடியது. பிர்ஜு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். ஆப்பா அதைத் தமிழில் சொன்னார்.

"தப்புன்னு ஒத்துக்கறான். ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சானாம். வரிசையில மூணு தபா வெச்சானாம், மூணு தபாவும் எத்தித் தள்ளினாங்களாம். குடம் இருந்தா தள்ள மாட்டாங்கன்னு அவனுக்கு யாரும் சொல்லலியாம். குடமும் இல்லியாம்."

பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"சார், கணக்கு சொல்லுங்க. தொட்டி ரொம்பினா எத்தனை குடம்?"

கணக்கு கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "முந்நூத்தி இருபத்தெட்டு. வீட்டுக்கு எட்டு" என்றேன்.

"வீட்டுக்கு ஒன்னு கொறைச்சா?"

"நாப்பத்தொன்னு மிச்சம். ஷெட்டுல முப்பத்தெட்டுப் பேரு. ஆளுக்கு ஒன்னு போக மூணு நிக்கும்."

கட்டடம் அதிர்ந்தது. "எட்டே பத்தல!" "உன் வீட்டுத் தண்ணியைக் குடு!" "கணக்கு சாரும் அவங்க ஆளா?" என்று என் மேலும் விழுந்தார்கள். எனக்கே அந்த ஒரு குடம் வலித்தது. எட்டில் ஒன்று என்றால் வேடிக்கையா?

ஆப்பா காத்திருந்தார். சத்தம் களைத்ததும் சொன்னார். "எப்பவும் இல்ல. ஷெட்டுக்குத் தனியா லைன் வர்ற வரைக்கும். லைன் வந்துச்சுன்னா அன்னிக்கே உங்க குடம் உங்களுக்கு. கேனு வேணாம், குடத்துலதான் புடிப்பாங்க. அது என் பொறுப்பு."

"லைன் எப்ப வரும்?" என்று ரஃபீக் பாய் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது பாய். நீங்க கேட்டா சீக்கிரம் வரும்."

ரஃபீக் பாய் முனகிக்கொண்டே தலையாட்டினார், மற்றவர்களும் ஆட்டினார்கள், ஒரு குடம் ஒப்பந்தத்தில் ஏறியது. கைமுறிவு பாக்கி இருந்தது. ஆப்பா அதையும் விடவில்லை. புகாரை வாபஸ் வாங்குவது பிர்ஜுவின் இஷ்டம், அவனைக் கேட்போம் என்றார். கேட்டார். "கட்டு பிரிச்சப்புறம் சொல்றேங்கறான்" என்றார். "அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறது குமரேசன்." குமரேசன் முறைத்தான். இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். அதுவும் ஒப்பந்தத்தில் ஏறியது.

எல்லோரும் டீ குடித்தோம். ஆப்பா முன்னாலிருந்த டம்ளர் அப்படியே ஆடை கட்டி நின்றது. "குடிங்க ஆப்பா" என்றேன். "தண்ணி வரட்டும் சார்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவரும் நானும் வேலூருக்குப் பஸ் ஏறினோம், குடம் வாங்க. அந்தச் செலவைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டியிருந்தார் ஆப்பா. லாங் பஜாரில் கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் என்னைத் தள்ளாத ஆள் இல்லை. கடைக்காரன் மஞ்சள் குடம் மலிவு என்றான். "வேணாம். எங்க தெருவுல எல்லாம் பச்சையும் ஆரஞ்சும்தான். அதையே குடு" என்றார் ஆப்பா. தனியாகத் தெரியக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது குடங்களைக் கயிற்றில் கோத்து பஸ்ஸின் பின்பக்கம் போட்டோம். கண்டக்டர், "பாட்டிக்கு எந்த ஊர்ல கல்யாணம்? இவ்ளோ சீர்?" என்றான். "உனக்குத்தான்டா பொண்ணு பாக்கப் போறோம்" என்றார் ஆப்பா. பள்ளிகொண்டா தாண்டும்போது, பஸ் கொஞ்சம் காலியானதும், நான் கேட்டேவிட்டேன்.

"அந்த ஒரு வார்த்தை மேல உங்களுக்கு இன்னா ஆப்பா அவ்வளவு கோவம்?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க ஊர்ல ரெண்டு தெருவுக்கு ஆவாது சார். ஒரு முக்கு. அங்கதான் அடிச்சிப்பாங்க. பெரியவங்கல்லாம் வந்தாங்க. மாலை மாத்திக்கினாங்க. போட்டோ புடிச்சாங்க. எங்க அப்பா அதுல சிரிச்சுக்கினு நிப்பாரு. எல்லாம் பழையபடின்னாங்க. அடுத்த வருஷம் அதே முக்குல அதே சண்டை. எங்க அப்பா கடை போச்சு. அந்த முக்குல அப்படி இன்னாதான் தகராறுன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

"இன்னா தகராறு?"

"எனக்கும் தெரியாது சார். கேக்கலயே."

ஆம்பூர் வரும்வரை, கயிற்றிலிருந்து நழுவிய ஒரு குடம் உருண்டு வந்து என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வரிசையில் முப்பத்தெட்டுக் குடங்கள் சேர்ந்தன. அடையாளத்துக்கு நானே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் குடத்தை யாரும் எத்தவில்லை. குடத்தை எத்துவதற்கு எங்கள் தெருவில் யாருக்கும் கால் வராது.

அதைவிட வேடிக்கை அதன் பிறகுதான். ஒரு குடம் குறைந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஆப்பா கணக்குப் போட்டிருக்கிறார். நான் போடவில்லை. இரண்டு வாரம் போவதற்குள் பெண்கள் என் வாசலில் நின்றார்கள். "சார், அந்த ஷெட்டுக்கு எப்பதான் லைன் குடுப்பாங்க? நீங்க செகரட்டரிதானே, போய்க் கேளுங்க." நான் தனியாகப் போகப் பயந்தேன். தெருவே கிளம்பியது. நகராட்சி அலுவலகத்தில் எல்லோரையும்விடப் பெரிய குரல் குமரேசனுடையது.

"அவங்க மனுசங்க இல்லியா சார்? உப்புத் தண்ணியைக் குடிச்சுக்கினு எப்படி சார் இருப்பாங்க?"

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஷெட்டுக்காரங்களா?"

"இல்ல சார், தெருக்காரங்க."

"அப்ப உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"வீட்டுக்கு ஒரு குடம் போவுது சார்!"

இடத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு என்றார்கள். கான்ட்ராக்டர் இன்று நாளை என்று இழுத்தார். ஒரு காலையில் அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலிலிருந்து தெருக்கோடி வரை குடங்கள் வரிசையாக நின்றன. எங்கள் குடங்களும் வெள்ளைக் கோடு போட்டவையும் கலந்து, ஒவ்வொரு குடமும் ஓர் ஆள். பக்கத்தில் மனிதர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் குடத்தை நகர்த்த வேண்டும். அவரும் இந்த ஊர்க்காரர்தான். நகர்த்தவில்லை. நடந்தே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இந்த யோசனை யாருடையது என்று ஆப்பாவைக் கேட்டேன். "என்னுது இல்ல சார். பிர்ஜு பொண்டாட்டி சொன்னா. வரிசைன்னா இன்னான்னு நம்மளைவிட அவளுக்கு நல்லாப் புரிஞ்சுபோச்சு" என்றார்.

ஷெட்டுக்குக் குழாய் வந்தது நோன்பு மாதத்தில். சாயங்காலம், நோன்பு திறக்கும் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது. நான், ரஃபீக் பாய், குமரேசன், தையல் பெண்கள் எல்லோரும் போயிருந்தோம். பிர்ஜுவின் கட்டு பிரித்திருந்தது. புகாரை வாபஸ் வாங்கிவிட்டான். எத்தனை முறை ஆஸ்பத்திரி போனோம் என்று அவனும் குமரேசனும் ஆளுக்கொரு மொழியில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்தார்கள். முதலில் காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர்.

பாங்கு கேட்டது. ஆப்பா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, அந்த இனிப்போடு குழாய்த் தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், கூட்டத்துல எனக்கு ஒரு டீ பாக்கி இருக்குல்ல?" என்றார்.

பிர்ஜுவின் மனைவி அந்தத் தண்ணீரிலேயே டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஆப்பா ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். தண்ணீர் வரும் குழாய், பழைய டேனரி நிலத்துக்குள் நீளமாகப் போய் வளைந்து வந்திருந்தது. எங்கோ மூட்டு கசிந்து உப்பு ஏறியிருக்கிறது போலும்.

"கொஞ்சம் கரிக்குது" என்றார்.

"பரவாயில்ல ஆப்பா, முன்னைக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றேன் நான்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"எழுதுங்க சார், இன்னொரு மனு" என்றார். டீயை மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

எழுதினேன். குழாயின் கசிந்த இணைப்பை மாற்றினார்கள். கரிப்பு போயிற்று. எங்கள் எட்டாவது குடமும் திரும்பி வந்தது. அது வந்த அன்று என் மனைவி அதைத் தளும்பத் தளும்ப நிரப்பித் தனியாக வைத்தாள், யாராவது கேட்டால் கொடுக்க. ஆப்பா இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்பார். முழங்கால் வலி, கேஸ் சிலிண்டர், மின்வெட்டு என்று எனக்குச் சொல்ல நிறைய உண்டு. எல்லாவற்றையும் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்வதில்லை. எல்லாம் பழையபடிதான் இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி இல்லை என்பதற்காக அந்த அம்மாளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகுதான் நினைவு வருகிறது.